வயிற்றைப் புரட்டினால் வாய் திறந்து சொல்லுங்கள்



சென்ற மாதம் கேமரன் மலை வாசகி ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது ஈப்போவில் வேலை பார்க்கிறவர். அவருடைய அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கையால் கொழுந்து பறித்து, பிறகு கத்தரி வந்ததும் கத்தரியால் வெட்டி, முப்பது வருடத்துக்கு மேல் அந்தச் சரிவுகளிலேயே உழைத்தவர். பிள்ளைகள் எல்லாரும் காசு போட்டு, வருகிற பள்ளி விடுமுறையில் அம்மாவை உல்லாசக் கப்பலில் மூன்று இரவு அழைத்துப் போக ஏற்பாடு செய்துவிட்டார்கள். அம்மா மட்டும் மாட்டேன் என்கிறாராம். "தாப்பா எறங்கறதுக்குள்ளயே எனக்குக் கொடலப் பொரட்டிக்கிட்டு வரும். நடுக்கடல்ல எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாருடி பாப்பா?" என்று கேட்கிறாராம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அவர் மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையும் மகள் மறக்காமல் எழுதியிருக்கிறார். அழைத்துப் போகலாமா, டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்பது அவர் கேள்வி.

தாராளமாக அழைத்துப் போகலாம் என்பதே என் பதில். ஆனால் அந்தத் தாய் கேட்டதைப் பயந்த சுபாவம் என்று தள்ளிவிடக் கூடாது. உடம்பைப் பற்றியும் கப்பலில் கிடைக்கும் வைத்தியத்தைப் பற்றியும் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளை அவர் ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். டிக்கெட் விற்றவர்களுக்கே அவை தோன்றியிருக்காது. இந்த விடுமுறையில் பினாங்கு சுவெட்டன்ஹாம் துறையிலும் கிள்ளான் துறைமுகத்திலும் சிங்கப்பூரிலும் கப்பலேறப் போகிற நம் குடும்பங்கள் பல. அதனால் அவருக்குத் தனியாக எழுத நினைத்த பதிலை இந்தப் பக்கத்திலேயே எழுதுகிறேன்.

தாப்பா சாலையை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தாப்பாவிலிருந்து தானா ராத்தா ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அதற்குள் ஏறத்தாழ 1,400 மீட்டர் ஏற வேண்டும். மலையை ஒட்டி வளைந்து வளைந்து போகும் அந்தப் பழைய பாதையில் ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். சிம்பாங் பூலாய் வழியாக அகலமான சாலை வந்த பிறகும் ரிங்லெட் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்குத் தாப்பா பாதைதான் வழி. பேருந்தில் ஏறியதுமே யார் யாருக்கு இந்தப் பாதை ஒத்துக்கொள்ளாது என்று கண்டுபிடித்துவிடலாம். ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை போடுவார்கள். மடியில் இரண்டு பிளாஸ்டிக் பை இருக்கும், ஒன்றுக்குள் ஒன்று போட்டு. ஒரு கையில் எலுமிச்சம்பழம், நகத்தால் கீறிக் கீறி அதன் தோல் வெளுத்திருக்கும். மூக்கின் கீழும் நெற்றிப்பொட்டிலும் கோடாலித் தைலம். வாயில் 'அசாம் போய்' என்னும் உப்பிட்ட புளிப்புப் பழம், கன்னத்தில் ஒதுக்கி வைத்தது. லாத்தா இஸ்கண்டார் அருவிக்கருகே வண்டி நின்றால் அருவியைப் பார்க்காமல் ஓரமாகப் போய்க் குனிந்து நிற்கிறவர்கள் இவர்கள்தாம். முகம் வெளிறி, நெற்றி குளிர்ந்து வியர்த்து, திரும்பி வந்ததும் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்பார்கள்.

அந்த "ஒண்ணுமில்ல" பற்றிப் பிறகு பேசுகிறேன். முதலில், சாலையில் வருவதும் கடலில் வருவதும் ஒரே உபத்திரவம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் காதின் உட்பகுதியில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. பக்கத்திலேயே நுண்ணிய சுண்ணக் கற்கள் பதிந்த இரண்டு பைகளும் உண்டு. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, உடம்பு மேலே போகிறதா கீழே போகிறதா என்பதை மூளைக்குச் சொல்வது அவற்றின் வேலை. கப்பலின் அறைக்குள் உட்கார்ந்திருக்கும்போது சுவரும் மேசையும் அசையாமல் இருப்பதாகக் கண் சொல்கிறது. காதோ, ஆடுகிறது, ஏறுகிறது, இறங்குகிறது என்று சொல்கிறது. இரண்டு சேதியும் ஒத்துப்போகாதபோது மூளை திணறுகிறது. வாயில் எச்சில் ஊறுவது, கொட்டாவி, குளிர்ந்த வியர்வை, குமட்டல், கடைசியில் வாந்தி என்று வரிசையாக வருகிறது.

எல்லா ஆட்டமும் இதைக் கிளப்புவதில்லை. ஏறக்குறைய ஐந்து வினாடிக்கு ஒரு முறை மெதுவாக ஏறி இறங்கும் ஆட்டந்தான் வயிற்றை அதிகம் கலக்குகிறது. தோட்டத்துச் செம்மண் பாதையில் லாரியின் பின்னால் நின்று எலும்பு நொறுங்கக் குலுங்கிப் போகிறவருக்கு ஒன்றும் செய்யாமல், குளிரூட்டிய சொகுசுப் பேருந்தில் குமட்டுவது இதனால்தான். கப்பல் அலைமேல் எழுந்து அமர்வதும் அப்படிப்பட்ட மெதுவான ஆட்டந்தான். வண்டி ஓட்டுகிறவருக்குப் பெரும்பாலும் வராது, அடுத்த வளைவு எது என்று அவர் மூளைக்கு முன்கூட்டியே தெரியும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரிது. ஆறு முதல் பன்னிரண்டு வயதில் அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கும், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் கூடுதல். உள்காது முற்றிலும் செயலிழந்தவர்களுக்கோ வரவே வராது. ஆக, நல்ல காது உள்ளவருக்கு வருவது இது. மனோதிடம் இல்லாதவருக்கு வருவது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டிரஃபால்கர் போரில் வென்ற தளபதி நெல்சனுக்குக் கடைசிவரை கடல் மயக்கம் இருந்தது. 1831இல் பீகிள் கப்பலில் ஏறிய சார்லஸ் டார்வின் ஐந்து வருடப் பயணத்தில் அதிலிருந்து விடுபடவே இல்லை.

கேமரன் மலைத் தமிழருக்குக் கடல் புதிதல்ல. 1929இல் ஜே. ஏ. ரஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கைத் தேயிலையில் பழுத்த ஏ. பி. மில்ன் உடனிருந்தார். ஒரே ஒரு நீராவி உருளை இயந்திரத்தையும் கோவேறு கழுதைகளையும் வைத்துக்கொண்டு காட்டைத் திருத்தியவர்கள் தொழிலாளர்கள். அந்தத் தலைமுறைத் தமிழர் வங்காள விரிகுடாவைக் கப்பலில் கடந்துதான் மலாயாவுக்கு வந்தார்கள். தோட்ட வேலைக்குப் பிறர் செலவில் ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்தும்வரை ஆவடி முகாமிலும் நாகப்பட்டினம் முகாமிலும் தங்கி, அம்மை குத்திக்கொண்டு, தகரப் பெட்டியும் பாயுமாகக் கப்பலேறியவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வர ஏறக்குறைய ஒரு வாரம். 1929 கடைசியில் பெரியார் மலாயாச் சுற்றுப்பயணம் வந்ததும் நாகப்பட்டினத்தில் கப்பலேறித்தான்.

நம் பெரியவர்கள் வாயில் இன்றும் புழங்கும் கப்பல் பெயர் ரஜூலா. 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சுவெட்டன்ஹாம் துறைமுகம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய கப்பல். கட்டிய புதிதில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல அதற்கு அனுமதி இருந்தது. அந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அறை கிடையாது, கட்டில் கிடையாது. பாய் விரித்த இடமே அவரவர் வீடு. மழைக்காலத்தில் வங்காள விரிகுடா கொந்தளிக்கும்போது ஒருவர் வாந்தியெடுத்தால் அந்த நாற்றத்திலேயே பக்கத்துப் பாய்க்காரருக்கும் குமட்டும். கைப்பிள்ளைக்காரிகள், மசக்கைக்காரிகள், கடலையே பார்த்தறியாத உள்நாட்டு உழவர்கள் என்று எல்லாரும் அந்தத் தளத்தில்தான் கிடந்தார்கள்.

வைத்தியம் இல்லாமல் இல்லை. ஏறும் முன் முகாமில் சோதனை, இறங்கியதும் பினாங்கின் ஜெரஜாக் தீவிலோ சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலோ தொற்றுத் தடுப்பு முகாமில் சோதனை. ஆனால் அந்தச் சோதனைகள் எதற்காக நடந்தன? அம்மையும் காலராவும் கரையேறிவிடக் கூடாது, வந்து சேரும் உடம்பு தோட்ட வேலைக்கு ஆக வேண்டும் என்பதற்காக. ஒரு வாரமாகச் சோறு இறங்காமல் சுருண்டு கிடந்தவளின் அவஸ்தை அந்தப் பதிவேடுகளின் கணக்கில் வராது. நாலு நாள் வாந்தியெடுத்தால் யாரும் செத்துவிட மாட்டார்கள் என்பதே அன்றைய எண்ணம். உண்மையில் நீர்ச்சத்து வற்றினால் குழந்தைக்கும் நோயாளிக்கும் உயிருக்கே ஆபத்து வரலாம்.

கரையிறங்கிய பிறகு காய்ச்சல் காத்திருந்தது. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்த கையோடு மலேரியா பிடித்து, துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று பேச்சு எழுந்தது. கிள்ளான் மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடித்துக் கொசுவைக் கட்டுப்படுத்திக் காட்டிய பிறகுதான் நிலைமை மாறியது. நம் முன்னோர் கால் பதித்த மண்ணை வாழத்தக்கதாக ஆக்கிய மருத்துவர் என்பதால் அவர் பெயரை நம் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும்.

தோட்டத்துக்கு வந்த பின் எல்லா நோவுக்கும் தோட்ட மருத்துவ உதவியாளரான டிரெஸர்தான். காய்ச்சலுக்கும் அவர், பிரசவத்துக்கும் அவர், கத்தி வெட்டுக்கும் அவர். 1965இல் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்து அவர்கள் வேலைக்கு ஓர் ஒழுங்கு பிறந்தது. நல்ல டிரெஸர்கள் எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறார்கள், அதை மறக்க முடியாது. இருந்தாலும் நோவு என்று படுத்தால் அன்றைய சம்பளம் போகும். பிரட்டுக்கு, அதாவது காலை வருகைப் பதிவுக்கு, வரவில்லை என்றால் காரணம் சொல்ல வேண்டும். பொய் நோவு என்று சந்தேகப்படுவார்கள். இரண்டு மூன்று தலைமுறை இப்படியே ஓடியதில் நம் பெரியவர்களுக்கு ஒரு பழக்கம் ஊறிவிட்டது. தாங்க முடியாமல் விழும்வரை சொல்ல மாட்டார்கள். அருவிக்கரையில் குனிந்து நின்றுவிட்டு வந்து "ஒண்ணுமில்ல" என்பது அந்தப் பழக்கந்தான். அவர்களைப் பிள்ளைகள் ஆசையாகக் கப்பலில் கூட்டிப் போகும்போது இந்த மறைப்புத்தான் எனக்குப் பெரிய கவலை. அலையைப் பற்றிக்கூட எனக்கு அவ்வளவு பயமில்லை.

ஏனென்றால் இன்றைக்குக் கப்பலில் மருத்துவர் இருக்கிறார். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் ஒரு விதி வைத்திருக்கிறது. நூறு பேரையோ அதற்கு மேலோ ஏற்றிக்கொண்டு மூன்று நாளுக்கு அதிகமாக நாடு விட்டு நாடு போகும் கப்பலில் தகுதி பெற்ற மருத்துவர் ஒருவர் இருந்தாக வேண்டும். குறும்பயணக் கப்பல்களிலும் பெரிய நிறுவனங்கள் மருத்துவரையும் தாதியரையும் வைத்திருக்கின்றன. பெரிய உல்லாசக் கப்பலின் மருத்துவக் கூடத்தில் இதயத் துடிப்பைப் பதியும் கருவி, உயிர்வாயு, தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மின்சாரத்தால் சீராக்கும் கருவி, எக்ஸ்ரே, சாதாரண ரத்தச் சோதனை, நரம்பில் ஏற்றும் திரவம் எல்லாம் இருக்கும். கடல் மயக்கத்துக்கு ஊசி போடுவது அவர்களுக்கு அன்றாட வேலை. ஒரு மூதாட்டி வாந்தியெடுக்கிறார் என்று சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அதே சமயம் அது ஆஸ்பத்திரி அல்ல என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய அறுவைச் சிகிச்சை நடக்காது. ரத்த வங்கி பொதுவாக இருக்காது. சிறுநீரகச் சுத்திகரிப்பு செய்துகொள்பவர்கள் அதற்கெனத் தனி ஏற்பாடு உள்ள பயணத்தில் மட்டுமே போகலாம். கர்ப்பம் 24 வாரத்தை எட்டிவிட்டால் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. நிலைமை மோசமானால் நோயாளியை அடுத்த துறைமுகத்தில் இறக்கி, அந்த ஊர் ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். அது எந்த நாட்டுத் துறைமுகம் என்பது கப்பல் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஹெலிகாப்டர் எட்டாத தூரமும் கடலில் உண்டு.

காசு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக்குப் பார்த்துப் பழகிய நமக்குக் கப்பல் கிளினிக்கின் கட்டணம் தூக்கிவாரிப் போடும். ஒருமுறை மருத்துவரைப் பார்க்கவும் ஒரு ஊசிக்கும் சேர்த்து நூற்றுக்கணக்கான வெள்ளி ஆகலாம். அது அறைக் கணக்கில் ஏறும், இறங்கும்போது கட்ட வேண்டும். வெளிநாட்டு ஆஸ்பத்திரிச் செலவும் அவசர மாற்றல் செலவும் வந்தால் ஒரு குடும்பத்தின் சேமிப்பே கரையும். அதனால் பயணக் காப்புறுதி இல்லாமல் பெரியவர்களைக் கப்பலேற்றாதீர்கள். வாங்கும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள். கப்பல் பயணத்துக்குச் செல்லுமா? ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய்க்குச் செல்லுமா? எந்த வயதுவரை? நோயை மறைத்துக் காப்புறுதி வாங்கினால் தேவைப்படும் நேரத்தில் அது கைகொடுக்காது. நம் ஊர்ப் பயண முகவர்கள் சிலர் டிக்கெட்டும் விருந்தும் ஆடல் பாடலும் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறார்கள், காப்புறுதி என்றதும் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். மருத்துவ வசதி, கட்டணம், காப்புறுதி ஆகிய மூன்றையும் தமிழிலும் மலாயிலும் ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கொடுக்க அவர்களுக்கு எவ்வளவு செலவாகும்? அதை அவர்கள் செய்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

இனி அந்த அம்மாவின் முதல் கேள்விக்கு வருகிறேன். கடல் மயக்கத்தை வந்த பின் அடக்குவது கடினம், வராமல் தடுப்பது எளிது. உடம்பு கடலுக்குப் பழக இரண்டு மூன்று நாளாகும். மூன்று இரவுப் பயணத்தில் பழகி முடிவதற்குள் பயணமே முடிந்துவிடும், ஆகவே ஆரம்பத்திலேயே கவனம் வேண்டும். அறையைக் கீழ்த் தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள், அங்கேதான் ஆட்டம் குறைவு. உச்சித் தளத்துப் பால்கனி அறைக்கு விலையும் அதிகம், ஆட்டமும் அதிகம். பக்கவாட்டு உருளலைக் குறைக்கும் துடுப்புகள் இப்போதைய கப்பல்களில் உண்டு, ஆனால் முன்னும் பின்னும் எழும் ஆட்டத்தை அவற்றால் பெரிதாகத் தடுக்க முடியாது. கப்பல் ஆடத் தொடங்கியதும் அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளத்தான் தோன்றும். வெளித் தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பார்ப்பது அதைவிட நல்லது. கைப்பேசியையும் பத்திரிகையையும், ஆம், இந்தப் பத்திரிகையையுந்தான், அப்போது மூடி வையுங்கள். வெறும் வயிறும் கூடாது, விருந்து மேசையைப் பார்த்து வயிறு முட்டச் சாப்பிடவும் கூடாது. காலையில் லேசாகப் பசியாறிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுவந்தால் போதும்.

மாதத்தையும் பாருங்கள். மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியானது, சுமத்ரா அதற்கு அரண். விடியற்காலையில் திடீரென்று வந்து போகும் 'சுமத்ரா' சூறைக்காற்றுகள் மட்டும் விதிவிலக்கு. நவம்பரிலிருந்து மார்ச் வரை தென்சீனக் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் முதன்முறை போகிறவர்கள் பினாங்கு, லங்காவி, பூக்கெட் பக்கம் போகும் பயணத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கடலின் குணத்தை மதிக்காமல் நாள் குறித்தால் என்ன ஆகும் என்பதை அண்மையிலும் பார்த்தோம். 2023 அக்டோபர் 14இல் நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் படகு மீண்டும் ஓடத் தொடங்கியதும் எத்தனை பேர் மகிழ்ந்தோம். வானிலை ஒத்துழைக்காததால் சில நாளிலேயே அதை நிறுத்த வேண்டியதாயிற்று. மறுவருடம் ஆகஸ்டில்தான் சேவை திரும்ப வந்தது.

மருந்தைப் பற்றி. 1947இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஒவ்வாமைத் தடிப்புக்கு டைமென்ஹைட்ரினேட் என்ற மருந்தைச் சாப்பிட்ட ஒரு பெண், டிராம் வண்டியில் தனக்கு எப்போதும் வரும் குமட்டல் வரவில்லை என்று மருத்துவரிடம் சொன்னார். உடனே அதைப் படைவீரர்கள் சென்ற கப்பலில் சோதித்துப் பார்த்தார்கள். இன்று உலகம் முழுக்கக் கடல் மயக்கத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் அதுவும் ஒன்று. அந்தப் பெண் வாய் திறந்து சொல்லாமல் இருந்திருந்தால்? அவர் சொன்னதும், அதைக் காதில் வாங்கிக்கொண்ட மருத்துவரும் சேர்ந்ததால் கிடைத்த மருந்து அது. பயணத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே சாப்பிட வேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு மாத்திரை வயிற்றில் நிற்காது. தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் கொண்டுவந்து தரும் அவோமின் வேறு மருந்து, இரண்டையும் சேர்த்துச் சாப்பிடாதீர்கள். இவை எல்லாமே தூக்கத்தை வரவழைக்கும். எழுபது வயதுக்காரர் தூக்கக் கலக்கத்தோடு ஆடும் கப்பலில் இரவு கழிவறைக்கு எழுந்து போனால் விழுந்து இடுப்பெலும்பு முறியலாம். கண்ணில் அழுத்த நோய் உள்ளவர்களும், சிறுநீர் தடைப்படும் முதிய ஆண்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. காதின் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டையும் அப்படித்தான், அது முதியவர்களுக்கு மனக்குழப்பத்தையே ஏற்படுத்தலாம்.

பாட்டி வைத்தியத்தை நான் ஒதுக்கவில்லை. 1988இல் டென்மார்க்கில் 80 கடற்படைப் பயிற்சி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு கிராம் இஞ்சிப் பொடி வாந்தியையும் குளிர் வியர்வையையும் குறைத்தது தெரிந்தது. சுக்கும் இஞ்சியும் கையில் வைத்திருந்த நம் ஆட்கள் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் உப்பில் ஊறிய நார்த்தங்காயும் அசாம் போயும் உப்பு மிகுந்தவை, ரத்த அழுத்தக்காரர்கள் ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

இப்போது சர்க்கரை. நம் சமூகத்துக்கு இது தனியாகச் சொல்ல வேண்டிய சேதி. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியரில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, நாட்டின் எல்லா இனத்திலும் இதுவே அதிகம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொண்டு, சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகப் போனால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். பயந்து மருந்தை அடியோடு நிறுத்தினாலும் ஆபத்து. ஆகவே கப்பலேறும் முன்பே தானா ராத்தா ஆஸ்பத்திரியிலோ பக்கத்துக் கிளினிக்கிலோ மருத்துவரைப் பார்த்து, "சாப்பாடு வயிற்றில் நிற்காவிட்டால் எந்த மருந்தைக் குறைப்பது, எதை விடக் கூடாது?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை பார்க்கும் கருவியைக் கைப்பையில் வையுங்கள்.

இன்னொன்று. கடலில் வரும் வாந்தியெல்லாம் கடல் மயக்கம் ஆகாது. நெஞ்சில் இறுக்கம், மூச்சு வாங்குதல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி ஆகியவற்றோடு குளிர்ந்து வியர்த்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதான பெண்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல், வெறும் குமட்டலும் அசதியுமாக மாரடைப்பு வருவதுண்டு. பேச்சுக் குழறல், பார்வை இரண்டாகத் தெரிதல், ஒரு பக்கம் சாய்ந்து நிற்க முடியாமை என்றால் பக்கவாதமாக இருக்கலாம். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் தொற்றாக இருக்கலாம். அதை மறைத்தால் கப்பல் முழுக்கப் பரவும். கடல் அமைதியாக இருக்கும்போது ஒருவருக்கு மட்டும் குமட்டுகிறது என்றாலும் யோசிக்க வேண்டும். இவற்றில் எது வந்தாலும் அறைத் தொலைபேசியில் மருத்துவக் கூடத்தைக் கூப்பிடுங்கள். நடுராத்திரியானாலும் கூப்பிடுங்கள். கட்டணத்தை நினைத்து விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கப்பல் மருத்துவருக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் ஓர் அட்டையில் அம்மாவின் பெயர், வயது, நோய்கள், மருந்துகளின் பெயரும் அளவும், ஒத்துக்கொள்ளாத மருந்து, ஊரில் பார்க்கும் கிளினிக், பிள்ளைகளின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதி அவர் பையிலேயே வையுங்கள். மருந்தைப் பெரிய பெட்டியில் போடாதீர்கள். பெட்டி அறைக்கு வந்து சேர மாலையாகிவிடும். பயண நாளைவிடச் சில நாளுக்கு அதிகமாகவே மருந்து எடுத்துப் போங்கள். ஏறியதும் முதல் வேலையாக, அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் மருத்துவக் கூடம் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று காட்டிவிடுங்கள். விருந்து மண்டபத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெரியவர்களிடம் "வாந்தி வருதா?" என்று கேட்காதீர்கள். "இல்லடா" என்றுதான் பதில் வரும். கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தார்கள், எப்போது சிறுநீர் போனார்கள் என்று கேளுங்கள். எட்டு மணி நேரமாகப் போகவில்லை என்றால் அவர்கள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். பெரியவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளின் செலவைப் பார்த்து வாயை மூடிக்கொள்ளாதீர்கள். உங்கள் நோவைச் சொல்வதால் அவர்களுடைய விடுமுறை கெட்டுவிடாது. சொல்லாமல் விழுந்தால்தான் கெடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ரஜூலாவிலும் அதற்குப் பின் 1985 பிப்ரவரித் தீவிபத்துவரை ஓடிய சிதம்பரம் கப்பலிலும் வந்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள், வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டும் வருகிறார்கள். கடலில் அவர்கள் உடம்புக்கு என்ன ஆயிற்று, யார் தண்ணீர் கொடுத்தார்கள், கப்பல் மருத்துவர் வந்து பார்த்தாரா, முகாமில் எத்தனை நாள் வைத்திருந்தார்கள் என்பதைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். இந்த விடுமுறையில் கப்பலில் போய் மருத்துவரைப் பார்க்க நேர்ந்தவர்கள் எவ்வளவு கட்டினீர்கள், காப்புறுதி திருப்பிக் கொடுத்ததா என்பதையும் எழுதுங்கள். கையெழுத்தானாலும் பரவாயில்லை, பேச்சு வழக்கானாலும் பரவாயில்லை. வந்து சேரும் கடிதங்களை வரும் இதழ்களில் தொடர்ந்து வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்